வகுப்பில் வீடியோ: ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சியை அமைப்பது எப்படி

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர் கையில் இன்று வீடியோவுக்குக் குறைவில்லை. திக்‌ஷா என்னும் மத்திய அரசின் பாடத் தளம் 2017இல் வந்தது. பாடநூலிலேயே கியூஆர் குறியீடு இருக்கிறது. 2019இல் கல்வித் தொலைக்காட்சியும் 2023இல் மாநில அரசின் பாட வீடியோ செயலியான மணற்கேணியும் சேர்ந்துகொண்டன. ஆனால் 40 நிமிடப் பீரியடில் வீடியோவை எந்த இடத்தில் நிறுத்துவது, நிறுத்தி என்ன கேட்பது என்பதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. பயிற்சி அதைச் சொல்லித்தர வேண்டும். செயலியை நிறுவுவதும் பொத்தான்களைக் காட்டுவதும் ஒரு பக்கக் குறிப்பில் அடங்கிவிடும். அதற்கு ஓர் அமர்வைச் செலவிடாதீர்கள்.

முதலில் இறுதி வேலையை எழுதுங்கள்: "ஆசிரியர் தன் வகுப்பில், இந்த மாதப் பாடத்தில், ஒரு வீடியோவை இரண்டு இடங்களில் நிறுத்திக் கலந்துரையாடல் நடத்துவார்." இதற்கு உதவாத எதையும் பயிற்சியில் சேர்க்காதீர்கள். மூன்று வாரம் போதும். முதல் வாரம் வீடியோவைத் தேர்ந்து திட்டமிடுவது, இரண்டாம் வாரம் காலி வகுப்பறையில் ஒத்திகை, மூன்றாம் வாரம் வகுப்பு. அணிக்கு 30 பேர், 15 பேருக்கு ஒரு கருத்தாளர் (பயிற்சியை வழிநடத்துபவர்). ஒரே பாடத்தை நடத்துபவர்களை ஓர் அணியில் சேருங்கள். பாடம் கலந்தால் பேச்சு பொதுவான அறிவுரையாக நீர்த்துவிடும்.

பயிற்சிக்கான வீடியோக்களை 6 நிமிடத்துக்குள் முடியுங்கள். இணையவழிப் படிப்புகளை வழங்கும் எட்எக்ஸ் தளத்தில் லட்சக்கணக்கான பார்வைப் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்களின் இடைநிலை (மீடியன்) பார்வை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று காட்டியது. நாள் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு, எமிஸ் என்னும் அரசுத் தளத்தில் பள்ளி விவரப் பதிவேற்றமும் முடித்து, இரவில் போனைத் திறக்கும் ஆசிரியரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. வகுப்பில் செய்யச் சொல்வதை இந்த வீடியோவிலேயே செய்து காட்டுங்கள்: நடுவில் நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டு, விடை எழுதிய பிறகே அடுத்த பகுதி திறக்கும்படி வையுங்கள்.

முதல் வாரத்தின் உயிர்நாடி நிறுத்தத் தாள். அரைப்பக்கம் போதும்: வீடியோவின் பெயர், தொடங்கும் நேரம், நிறுத்தும் நேரங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கேள்வி, பிள்ளைகள் சொல்லக்கூடிய தவறான விடை. கடைசிக் கட்டத்தைத்தான் பலர் காலியாக விடுவார்கள். நிரப்பாத தாளைத் திருப்பி அனுப்புங்கள், ஏனென்றால் எங்கே நிறுத்துவது என்பதைத் தீர்மானிப்பதே அந்தத் தவறான விடைதான்.

வளர்பிறை, தேய்பிறை பற்றிய 4 நிமிட வீடியோவை எடுத்துக்கொள்வோம். பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். ஆகவே வீடியோவைப் போடுமுன் அரை நிலவு ஏன் தெரிகிறது என்று நோட்டில் படம் வரையச் சொல்ல வேண்டும். சூரியன், பூமி, நிலவு மூன்றையும் மேலிருந்து காட்டும் காட்சியில் முதல் நிறுத்தம்: "பூமியில் நிற்பவருக்கு நிலவின் எந்தப் பகுதி தெரியும்?" அரை நிலவு வரும் காட்சியில் இரண்டாவது: "இப்போது பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது?" நிழல் நிலவின் பக்கமே இல்லை என்பதைப் பிள்ளைகளே விரல் நீட்டிக் காட்டுவார்கள். விளக்கக் குரல் விடையைச் சொல்வதற்கு 2 நொடி முன்பே நிறுத்திவிட வேண்டும். தாளில் நேரத்தை நொடிக்கணக்கில் எழுதச் சொல்வது அதற்காகத்தான். முடிந்ததும் முதலில் வரைந்த படத்தை வேறு நிறப் பேனாவால் திருத்தட்டும்.

ஒத்திகை வாரத்தைத் தவிர்க்கவே கூடாது. வீடியோ வகுப்பு பெரும்பாலும் பாடத்தில் கெடுவதில்லை, கருவியில்தான் கெடுகிறது. பள்ளி இணையத்தை நம்பாமல் முந்தின நாளே பதிவிறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். 5 நிமிட வீடியோ 360பி தரத்தில் சுமார் 20 எம்பி, 720பி என்றால் 60 எம்பிக்கு மேல். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, படத்திலுள்ள சிறிய எழுத்துகள் கலங்கிவிடும். டாகுமென்ட்டாக அனுப்ப வேண்டும். பென்டிரைவில் போட்டும் டிவியில் ஓடவில்லையா? சில போன் கேமராக்கள் எச்.265 என்னும் புதிய வீடியோச் சுருக்க முறையில் பதியும், பழைய டிவிகளுக்கு அது தெரியாது. அதற்கு முந்தைய எச்.264 முறை கொண்ட எம்பி4 கோப்பாக மாற்றினால் ஓடும். எச்டிஎம்ஐ கேபிள் செருகியதும் லேப்டாப்பின் ஒலி ஸ்பீக்கர் இல்லாத புரொஜக்டருக்குப் போய்விடுவது இன்னொரு வழக்கமான தொல்லை. ஒலி வெளியீட்டை லேப்டாப்புக்கே திருப்ப வேண்டும். பிறகு ஆசிரியர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்க்கட்டும். திரையின் உயரம் 4 அடி என்றால் 24 அடிக்கு அப்பால் எழுத்துகளை வாசிப்பது கடினம்.

மூன்றாம் வாரத்துக்கு என்ன சான்று கேட்பது? வீடியோவை முழுதும் ஓடவிட்டவருக்குச் சான்றிதழ் என்று வைத்தால், ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். அதில் ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்றைக் கேளுங்கள்: நிறுத்தத் தாள், பிள்ளைகள் திருத்திய நோட்டுகளில் மூன்றின் படம் (பெயர் தெரியாமல்), ஒரு நிறுத்தத்தின் 2 நிமிட ஒலிப்பதிவு. வகுப்பை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். பிள்ளைகளின் முகம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றக் கூடாது.

ஒலிப்பதிவில் கருத்தாளர் கவனிக்க வேண்டியது ஒன்றே: கேள்விக்குப் பின்னுள்ள மௌனம். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். 3 நொடி பொறுத்தால் பிள்ளைகளின் விடைகள் நீளமாயின. வீடியோ வகுப்பில் இந்த அவசரம் கூடும், ஏனென்றால் கை ரிமோட்டிலேயே இருக்கும். கேள்வி கேட்டதும் ரிமோட்டை மேசையில் வைத்துவிடச் சொல்லுங்கள்.

வாரம் ஒரு நேரலை, 40 நிமிடம். அதில் பாடம் நடத்த வேண்டாம். இரண்டு ஆசிரியர்களின் ஒலிப்பதிவை அவர்கள் சம்மதத்தோடு போட்டு, எங்கே இன்னும் பொறுத்திருக்கலாம் என்று மற்றவர்கள் பேசட்டும். கருத்தாளர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லட்டும்.

முடிந்ததும் நிறுத்தத் தாள்களை வகுப்பு, பாடம், அலகு வரிசையில் ஒரே டிரைவ் கோப்புறையில் போட்டு, அணியிலுள்ள எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது அதே அணியை ஒரு மாலை கூட்டி, வேறு அலகுக்கு ஆளுக்கொரு புதிய தாள் எழுதச் சொல்லுங்கள். யாரால் உதவியில்லாமல் எழுத முடிகிறது என்பது அப்போது தெரியும்; முடியாதவர்களுக்குக் குறுவள மையக் கூட்டத்தில் (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கூட்டம்) நேரில் உதவ ஏற்பாடு செய்யலாம்.