மார்பக இம்பிளான்ட் ஆபரேஷன்: வீட்டைத் தயார் செய்வதும் ட்ரெயின் குழாயைச் சமாளிப்பதும்

புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பகத்தை எடுத்தபோதே எனக்கு சிலிக்கோன் இம்பிளான்ட்டும் (மார்பக வடிவத்துக்காக உள்ளே வைக்கும் பை) வைத்தார்கள். ஆபரேஷன் மதுரையில்தான். எந்த வகை இம்பிளான்ட், தசைக்கு மேலா கீழா, ஒரே தடவையில் வைப்பதா, முதலில் எக்ஸ்பாண்டர் (தோலை விரிக்கும் தற்காலிகப் பை) வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றிவிட்டு அப்புறம் மாற்றுவதா என்பதெல்லாம் டாக்டர் உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு செய்வது. அதற்குள் நான் போகவில்லை. அழகுக்காகச் செய்துகொள்கிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் உதவும். அவர்களில் பலருக்கு ட்ரெயின் (காயத்துக்குள் தேங்கும் நீரை வெளியே எடுக்கும் குழாய்) இருக்காது, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு முன்

சாப்பிடுகிற மருந்து அத்தனையையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போய் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டுவலி மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்துக் கடைச் சூரணம் எதையும் விடாதீர்கள். சில மருந்துகள் ரத்தக் கசிவைக் கூட்டும். எதை எப்போது நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. சிகரெட் மட்டுமில்லை, வெற்றிலையோடு போடும் புகையிலையும் கூடாது. நிகோடின் எந்த வழியாகப் போனாலும் ரத்தக் குழாயைச் சுருக்கும், புண் ஆறத் தாமதமாகும்.

இன்சூரன்ஸில் "இது பிளாஸ்டிக் சர்ஜரி, பணம் வராது" என்றால் பேசாமல் திரும்பி வராதீர்கள். பாலிசியின் விலக்குப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு தவிர மற்றவைக்குத்தான் அந்த விலக்கு. டாக்டர் கடிதத்தில் புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்று தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வீடு. டாக்டர் சொல்லும்வரை கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. அதனால் காபித்தூள், டம்ளர், அஞ்சறைப்பெட்டி, சீப்பு எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கட்டும். தண்ணீர் வருகிற நாளில் குடம் தூக்க ஆள் சொல்லி வையுங்கள். "பாதிக் குடம்தானே" என்று கை வைத்தாலும் அது ஏழெட்டுக் கிலோ.

நைட்டி வாங்க விளக்குத்தூண் பக்கம் போனால் பாலூட்டும் அம்மாக்களுக்கானதை எடுத்து நீட்டுவார்கள். வேண்டாம். ஜிப் சின்னது, தலை வழியாகத்தான் மாட்ட வேண்டும், கை உயராது. முழுசாக முன்னால் திறக்கிற மாதிரி வேண்டும். என்னைக் கேட்டால் வீட்டுக்காரரின் பழைய காட்டன் சட்டையை மிஞ்ச எதுவும் இல்லை.

ட்ரெயின்: இதை நிதானமாகப் படியுங்கள்

அக்குளுக்குக் கீழே இருந்து ஒரு குழாய் வரும். அதன் முனையில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு டப்பா. அமுங்கி இருக்கும்வரைதான் அது உள்ளே தேங்கும் நீரை இழுக்கும். உப்பிவிட்டால் வெறும் டப்பா. டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் அவசரமாக ஒரு தடவை செய்து காட்டுவார், எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் எதற்கு அப்புறம் எது என்று குழம்பும். எனக்குச் சொல்லிக் கொடுத்த வரிசை இது:

1. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
2. குழாயில் இருக்கும் கிளிப்பைப் போடுங்கள்.
3. மூடியைத் திறந்து, அளவுக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லி, என்ன நிறம் என்று எழுதுங்கள். வாய்ப்பகுதியைத் தொட வேண்டாம்.
4. டப்பாவை முழுசாக அமுக்கி, அமுக்கிய பிடியை விடாமல் மூடியை மூடுங்கள்.
5. இப்போது கிளிப்பை எடுத்துவிடுங்கள்.

வினை ஐந்தாவதில்தான். கிளிப்பை எடுக்க மறந்தால் மறுநாள் டப்பாவில் ஒன்றுமே இருக்காது. வீட்டில் எல்லோரும் "அப்பாடா, வற்றிவிட்டது" என்பார்கள். நீர் உள்ளேதான் தேங்கிக்கொண்டிருக்கும். நேற்று 60 மில்லி வந்தது இன்று திடீரென்று பூஜ்யம் என்றால் கிளிப்பைப் பாருங்கள், குழாய் மடங்கியிருக்கிறதா, ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் புலப்படவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள். நிறம் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, வைக்கோல் மஞ்சளுக்கு வருவதுதான் முறை. 24 மணி நேரத்துக்கு சுமார் 30 மில்லிக்குக் கீழே தொடர்ந்து வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள்.

டப்பாவைச் சட்டையில் ஊக்கு வைத்துக் குத்தச் சொல்வார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, எழுந்திருக்கும்போதெல்லாம் இழுக்கும். கல்யாண வீட்டு மஞ்சப்பையில் போட்டு இடுப்பில் நாடாவால் கட்டிக்கொண்டேன். கழுத்தில் மாட்டாதீர்கள், டப்பா எப்போதும் காயத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

அப்புறம்

முதுகுக்குத் தலையணை அடுக்கி, சாய்ந்த மாதிரி மல்லாந்து தூங்குங்கள். முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று பெரியவர்கள் பத்தியம் போடுவார்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். அயிரை மீன் குழம்பு வந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள். வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதற்கு நிறையத் தண்ணீரும் சிறுமலை வாழைப்பழமும்.

ஒத்தடம் மட்டும் கூடவே கூடாது. அந்த இடத்தில் தோலுக்கு உணர்ச்சி குறைந்திருக்கும், பல மாதம் கழித்தும்கூட. வெந்நீர்ப் பை சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும். ஐஸும் அப்படித்தான்.

கைப் பயிற்சிக்கு டாக்டர் சரி சொன்னதும் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, ஒரு பக்கம் திடீரென்று வீங்கி இறுகினாலோ, சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பின்சேர்க்கை

ஸ்கூட்டி எப்போது ஓட்டலாம் என்று திருமங்கலத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். ட்ரெயின் எடுத்திருக்க வேண்டும், தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரை நின்றிருக்க வேண்டும், திடீர் பிரேக் பிடித்தால் நெஞ்சு சுண்டக் கூடாது, டாக்டரும் சரி சொல்லியிருக்க வேண்டும். அதுவரை ஆட்டோ. வேகத்தடை வரும்போது நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவருக்கு இரண்டு ட்ரெயின். பிளாஸ்திரி ஒட்டி 1, 2 என்று எழுதி, கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இம்பிளான்ட் கார்டு பற்றியும் கேட்டிருந்தார்கள். கம்பெனி, வகை, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி, அரிய வகை லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) அபாயம் காரணமாக, சொரசொரப்பான பயோசெல் இம்பிளான்ட்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. உள்ளே இருப்பது எது என்பதை அந்தக் கார்டுதான் சொல்லும். போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனால் இம்பிளான்ட் இருப்பதைப் படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.