சிவப்பு லைற் எரிந்தால் பெல்ட்டைப் பாருங்கள்

மாங்குளத்தில் நான் நடத்துவது உழவு இயந்திரம் திருத்தும் கராஜ். வருபவை பெரும்பாலும் ரக்ரரும் லான்ட்மாஸ்டரும்தான். ஆனால் கொட்டிலின் ஓரத்தில் மாமாவின் 1967 ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீற்றில், ஸ்ரீ இலக்கத் தகட்டோடு இன்னும் ஓடும் நிலையில் நிற்கிறது. அதைக் கண்டுவிட்டு, இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆமைக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கடைசியில் என்னிடம் வந்து சேருகிறார்கள்.

போன மாசியில் துணுக்காய்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். கொழும்புக்குப் போனபோது பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஒயில் சூட்டு மீற்றர் ஒன்று கையில் இருந்தது.

"அண்ணை, இதை டாஷ்போட்டில பூட்டித் தாங்கோ. சூடு ஏறினால் எனக்குத் தெரிய வேணும்."

"பூட்டலாம். அதுக்கு முதல் ஒருக்கால் சாவியைத் திருப்பும், லைற் ரெண்டும் எரியுதோ பாப்பம்."

திருப்பினார். எஞ்சின் ஓடத் தொடங்கும்வரை இரண்டும் எரிய வேண்டும். பச்சை எரிந்தது, சிவப்பு எரியவில்லை. எப்போதிருந்து என்று கேட்டேன். "எரிஞ்சதை நான் காணவே இல்லை அண்ணை. எரியாட்டி நல்லம் எண்டுதான் நினைச்சன்."

அந்தக் காரில் இருக்கிற மிகப் பெறுமதியான எச்சரிக்கை லைற் அதுதான். பல்ப் செத்துக் கிடந்தது. மாற்ற ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்கூடப் போகவில்லை.

ஏன் அது பெறுமதியானது என்று சொல்கிறேன். இந்தக் காரில் ரேடியேற்றர் இல்லை, தண்ணீர் இல்லை. பின்னால் இருக்கும் எஞ்சினுக்கு மேலே ஒரு விசிறி, அதைச் சுற்றித் தகரக் கூடு. விசிறி வீசும் காற்றுதான் நாலு சிலிண்டரையும் ஒயில் கூலரையும் ஆற்றுகிறது. அந்த விசிறி பூட்டியிருப்பது டைனமோவின் தண்டிலேயே: ஒரு முனையில் புல்லி, மறுமுனையில் விசிறி. புல்லியைச் சுற்றுவது ஒரேயொரு பெல்ட். ஆகவே பெல்ட் அறுந்தால் பற்றரி சார்ஜ் ஆவதும் நிற்கும், காற்றும் நிற்கும். சிவப்பு லைற் எரிகிறது. புத்தகத்தில் அதற்குப் பெயர் சார்ஜ் லைற். நான் அதை விசிறி லைற் என்றே சொல்லிக்கொடுக்கிறேன்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், புளியங்குளம் தாண்டியதும் சிவப்பு எரிந்ததைப் பார்த்துவிட்டு, "சார்ஜ்தானே, பகல்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டினார். அந்த பெல்ட்டால் எஞ்சினை ஆற்றாத கார்களில் அது சரியான முடிவுதான். இதில் கனகராயன்குளத்துக்குக் கிட்டவே பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டு வந்தது ரக்ரர்.

சரி, அப்படியென்றால் சிவப்பு எரிந்ததும் செய்ய வேண்டியது: ஓரம் கட்டி, எஞ்சினை உடனே நிறுத்தி, பின் மூடியைத் திறந்து பெல்ட்டைப் பாருங்கள். பெல்ட் அறுந்திருந்தால் புதியது போடும்வரை ஒரு மைல்கூட ஓட்டக்கூடாது. பெல்ட் இறுக்கமாக இருந்து விசிறி சுற்றுகிறது என்றால் பழுது மின்சாரத்தில்: பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரெகுலேற்றர் போயிருக்கலாம். அப்போது மட்டும்தான் அந்த மனிதர் சொன்னது பொருந்தும். பகல் வெளிச்சத்தில், பற்றரி தாங்கும்வரை, மெல்ல வீடு போய்ச் சேரலாம்.

உதிரி பெல்ட் ஒன்று, 21 மில்லிமீற்றர் ஸ்பனர், நீளமான ஸ்குறூட்ரைவர். இந்த மூன்றும் காருக்குள் எப்போதும் கிடக்க வேண்டும். டைனமோ புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அதில் ஸ்குறூட்ரைவரைக் கொடுத்துப் புல்லி சுற்றாமல் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றினால் புல்லி இரண்டு பாதியாகப் பிரியும். நடுவில் மெல்லிய வாஷர்கள். அவற்றில் ஒன்றை எடுத்தால் பெல்ட் இறுகும், ஒன்றைக் கூட்டினால் தளரும். எடுத்ததை எறிந்துவிடாமல் நட்டுக்குக் கீழே வெளிப்பக்கமாகப் போட்டுவிடுங்கள், பிறகு தேவைப்படும். பெருவிரலால் அழுத்தினால் பெல்ட் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவு உள்ளே போக வேண்டும். அதைவிட இறுக்கினால் டைனமோவின் பெயாரிங் அழும்.

இனிப் பச்சை லைற். அது ஒயில் அமுக்கத்துக்கு உரியது, சூட்டுக்கு அல்ல. அமுக்கம் அரை பார் (bar) என்ற அளவுக்கும் கீழே விழுந்த பிறகுதான் எரியும், அதாவது நிலைமை கைமீறும் இடத்தில்தான் வாய் திறக்கும். ஓடும்போது எரிந்தால் கேள்வியே இல்லை, எஞ்சினை நிறுத்துங்கள். ஆனால் அதற்கு முதல் அது ஒரு சாடை காட்டும். ஒயில் கொதித்து மெலிந்தால், எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது பச்சை மினுங்கும். அக்சிலறேற்றரைக் கொஞ்சம் மிதித்ததும் அணைந்துவிடும். நல்ல வெயிலில் நீண்ட தூரம் வேகமாக ஓடி வந்து நிறுத்தினால் ஒரு நல்ல எஞ்சினிலும் இது நடக்கலாம். வழக்கமாக மினுங்காத கார் ஒருநாள் மினுங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

சாவியைத் திருப்பியும் பச்சை எரியாவிட்டால் டிஸ்றிபியூற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒயில் சுவிச்சின் வயரைக் கழற்றி எஞ்சின் இரும்பில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் சுவிச் பழுது. எரியாவிட்டால் பல்ப் அல்லது வயர்.

எனக்கே நடந்த கதைக்கு வருகிறேன். மாமாவின் கார் ஒரு மாரி முழுக்க அசையாமல் புளிய மரத்தின் கீழ் நின்றது. தையில் எடுத்துக் கழுவி, ஒயில் மாற்றி, பெல்ட் பார்த்து, ஏ9 வழியாகக் கிளிநொச்சிக்குப் புறப்பட்டேன். முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போகிறவர் யார்? எஞ்சினை நிறுத்தாமலே இறங்கிப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஏறினால் பச்சை மினுக்கு மினுக்கென்று மினுங்குகிறது. சிவப்பு அணைந்தே கிடக்கிறது. பெல்ட் சரி, விசிறி சுற்றுகிறது. எஞ்சினை நிறுத்தி டிப்ஸ்ரிக்கை இழுத்தேன். ஒயில் மட்டம் சரி. ஆனால் இரும்பை விரலால் பிடிக்க முடியவில்லை.

கடலைக் கடைப் பக்கம் ஒன்றரை மணித்தியாலம் ஆறவிட்டு, மெல்ல ஊர்ந்து திரும்பி வந்து, அடுத்த நாள் விசிறிக் கூட்டைக் கழற்றினேன். உள்ளே ஒயில் கூலருக்கு மேலே அழகாக ஒரு அணில் கூடு. தும்பு, இலவம் பஞ்சு, என் மனைவி காணவில்லை என்று தேடிய சமையலறைச் சீலையின் கிழிசல். அணில் எப்போதோ போய்விட்டது. விசிறி பாவம், கூட்டுக்குள்ளால் ஊத முயன்றுகொண்டிருந்திருக்கிறது.

லைற்றுக்கும் மீற்றருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளங்கிக்கொண்டது அன்றைக்குத்தான். லைற் ஒரு பொருள் நின்றுபோனதைச் சொல்லும். பெல்ட் நின்றது, அமுக்கம் நின்றது. காற்று பாதியாகக் குறைந்ததை அது சொல்லாது. அணில் கூடு, அரிவு வெட்டுக் காலத்தில் உறிஞ்சப்பட்ட வைக்கோல், கூலரில் ஒயிலோடு சேர்ந்து படிந்த கிரவல் றோட்டுப் புழுதி, எஞ்சினைச் சுற்றியிருக்கும் றப்பர் சீல் உக்கிப்போய்க் கீழே வெளியேறும் சுடுகாற்றையே விசிறி திரும்ப உறிஞ்சுவது: இவை எல்லாம் மெல்ல மெல்ல ஏறும் சூடு. வன்னியில் எங்களைப் பிடிக்கிறது பெரும்பாலும் இந்த வகைதான். அதற்கு மீற்றர் வேண்டும்.

எந்த மீற்றர்? இரண்டு வகை உண்டு. ஒன்று ஒயில் சூடு பார்ப்பது, மற்றது சிலிண்டர் ஹெட் சூடு பார்ப்பது. ஹெட் மீற்றரின் உணரி ஒரு சின்ன வளையம். பிளக்கின் வாஷருக்குப் பதிலாக அதைப் போட்டுப் பிளக்கை இறுக்குவார்கள். போட வேண்டிய இடம் மூன்றாம் சிலிண்டர், அதாவது இடப்பக்கத்தில் காரின் முன்பக்கம் பார்த்த சிலிண்டர். 1971 மாதிரிக்கு முந்திய எஞ்சின்களில் ஒயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே காற்றின் வழியில் நிற்கிறது. அதனால் மூன்றாவதற்குப் போவது குறைந்த காற்று, அதுவும் சுட்ட காற்று. இந்த எஞ்சின்களில் முதலில் சாகிறவன் அவன்தான். வளையத்தோடு வரும் வயரை வெட்டவோ சாதாரண செப்பு வயரால் நீட்டவோ கூடாது, கணக்குப் பிழைத்துவிடும். மிஞ்சினால் சுருட்டிக் கட்டிவிடுங்கள்.

ஹெட் மீற்றர் உடனே பதில் சொல்லும், ஒயில் மீற்றர் ஆறுதலாகத்தான் சொல்லும். பெல்ட் அறுந்தால் ஒயில் மீற்றர் ஏறிக் காட்டுவதற்குள் ஹெட் வெந்துவிடும். ஆனால் அந்த வேலைக்குத்தான் சிவப்பு லைற் இருக்கிறதே. இரண்டு லைற்றும் வேலை செய்கிற காரில் ஒரே ஒரு மீற்றர் பூட்டக் காசு இருக்கிறது என்றால் நான் ஒயில் மீற்றரையே சொல்வேன். பூட்டுவது சுகம், விலையும் குறைவு. வேறு மெக்கானிக்மார் ஹெட் என்று சொல்வார்கள். சண்டைக்குப் போகமாட்டேன்.

ஒயில் மீற்றரின் உணரி டிப்ஸ்ரிக் வடிவிலும் வரும், அடித்தட்டில் ஒயில் திறக்கும் நட்டுக்குப் பதிலாகப் போடுகிற வடிவிலும் வரும். எங்கள் றோட்டுகளுக்கு டிப்ஸ்ரிக் வடிவமே நல்லது. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் கல்லோ வரம்போ ஒருநாள் தட்டும். டிப்ஸ்ரிக் குழாயின் வாயில் பெயின்ற் இருந்தால் அரத்தாளால் சுரண்டி இரும்பு தெரிய விடுங்கள், எர்த் கிடைப்பது அதனால்தான். மீற்றரும் உணரியும் ஒரே கம்பனிச் சோடியாக இருக்க வேண்டும். 12 வோல்ற் மீற்றர் பழைய 6 வோல்ற் காருக்குச் சரிவராது, கேட்டு வாங்குங்கள். வயரை எஞ்சின் அறையில் இருந்து உள்ளே கொண்டுவரும் ஓட்டைக்கு றப்பர் வளையம் போட்டு, சீற்றுக்குக் கீழால், கரைப் பக்கக் கம்பளத்துக்கு அடியால் முன்னுக்குக் கொண்டுவரலாம். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் பியூஸ் வைத்துக் கொடுங்கள்.

பூட்ட முதல் ஒரு வேலை செய்யாமல் விடாதீர்கள். தம்பியின் மீற்றரை நான் சமையலறைக்குக் கொண்டு போனேன். மனைவி முறைத்தாலும் சட்டி தந்தார். பற்றரியில் இருந்து மீற்றருக்கு இரண்டு வயர், மீற்றரில் இருந்து உணரிக்கு ஒன்று, உணரியின் உடம்பில் இருந்து பற்றரியின் எர்த்துக்கு இன்னொன்று. உணரியின் நுனி மட்டும் நனையும்படி, சட்டியின் அடியில் முட்டாமல், ஒரு அகப்பைக் காம்பில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது முள் 94 இல் நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தும் அசையவில்லை. எங்கள் மண் கடல் மட்டத்தில் இருந்து பெரிதாக உயரம் இல்லை, இங்கே தண்ணீர் கொதிப்பது 100 பாகையில். அப்படியென்றால் இந்த மீற்றர் அந்த இடத்தில் 6 குறைத்துச் சொல்கிறது. கண்ணாடியில் 94 க்கு நேரே நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். அதுவும் மனைவியுடையதுதான்.

என் காரின் கணக்கு இது. காலைக் குளிரில் 80 ஐ ஒட்டி. மத்தியான வெயிலில் ஏ9 இல் 70 கிலோமீற்றர் வேகத்தில் 100, சிலவேளை 105. 115 வந்தால் வேகத்தைக் குறைப்பேன். 120 இல் நிறுத்திவிடுவேன். ஹெட் வளையம் போட்டவர்கள் பிளக் அடியில் 150 முதல் 180 வரை கண்டால் கவலைப்படத் தேவையில்லை, 200 தாண்டினால் காலை எடுங்கள். ஆனால் எண்ணைவிட முக்கியம் வழக்கம். அதே றோட்டு, அதே வெயில், அதே வேகத்தில் நேற்றைவிட 10 கூடுதலாகக் காட்டினால் ஏதோ ஒன்று அடைத்திருக்கிறது. முதலில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். மொத்தமே இரண்டரை லீற்றர்தான், அதில் அரை லீற்றர் குறைந்தாலே தெரியும். நான் ஊற்றுவது 20-50 ஒயில், 5000 கிலோமீற்றருக்கு ஒருதடவை. மட்டம் கூடியிருந்தாலும் சந்தோசப்படாதீர்கள், பெற்றோல் உள்ளே இறங்கியிருக்கலாம். யுத்தகாலப் பெற்றோல் தடையின்போது மாமா இந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி மட்டம் ஏறுமாம், ஒயிலைத் தொட்டு மணந்து பார்த்துத்தான் மாற்றுவாராம்.

மீற்றர் ஏறி, பெல்ட் சரியாக இருந்தால், ஓரம் கட்டி ஒரு நிமிடம் ஐடிலைவிடச் சற்றுக் கூட்டி ஓடவிடுங்கள், விசிறி ஆற்றட்டும். பிறகு நிறுத்தி மூடியைத் திறந்து வையுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்ற விடாதீர்கள். சூடான ஹெட்டில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் சனம் றோட்டில் கார் நிற்கக் கண்டால் சும்மா போகாது. ஒருமுறை ஒரு ஐயா கிணற்றில் இருந்து வாளியோடு ஓடிவந்து, நான் வாய் திறக்க முதல் முன் மூடியைத் திறந்துவிட்டார். உள்ளே பெற்றோல் தாங்கியும் உதிரிச் சில்லும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "தம்பி, எஞ்சினைக் களவெடுத்துப் போட்டாங்களோ?" என்று கேட்டார். தண்ணீரை நான் குடித்தேன்.

துணுக்காய்த் தம்பிக்கு மீற்றரைப் பூட்டிக் கொடுத்த அன்று மத்தியானமே தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, முள் புள்ளியைத் தாண்டிப் போட்டுது. ஓரமா நிப்பாட்டிப் போட்டன். என்ன செய்ய?"

"எவ்வளவு தாண்டினது?"

"ஒரு நூல் அளவு."

"லைற் ரெண்டும்?"

"எரியேல்லை."

"இப்ப பன்னிரண்டு மணி, தார் றோட்டு. ஓட்டிக்கொண்டு வாரும்."