நாகர்கோவிலில் ரயில் ஏறி சென்னைக்குப் போகிறவர்களுக்கு: மின்சார ரயிலில் முதல் பயணம், படிப்படியாக

தக்கலை பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்து "பார்வதிபுரம் ஒன்று" என்று சொன்னால் போதும். கண்டக்டர் டிக்கெட் தருவார், இடம் வந்ததும் ஊர்ப் பெயரைச் சொல்லிக் குரல் கொடுப்பார், பையைத் தூக்கிக்கொண்டு வரத் தாமதமானாலும் காத்திருந்து இறக்கிவிட்டுத்தான் விசில் ஊதுவார். சென்னையின் மின்சார ரயிலில் இந்த மூன்றும் கிடையாது. டிக்கெட்டை முன்பே எடுத்திருக்க வேண்டும், இறங்குமிடத்தை நாமே அறிந்திருக்க வேண்டும், வண்டியோ நிலையத்தில் அரை நிமிடம்தான் நிற்கும்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அப்போது நம் மாவட்டத்தில் தண்டவாளமே இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-ல்தான். அதனால் நம்மிடம் இருப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பஸ் பழக்கம். பஸ்ஸில் ஏறிய பிறகு வழி கேட்கலாம். மின்சார ரயிலில் ஏறுவதற்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: ஒரு கோடு வரையுங்கள்

என் அக்கா மகள் பொத்தேரியில் கல்லூரி சேரப் புறப்பட்ட அன்று, நாகர்கோவில் சந்திப்பு நடைமேடையில் கல்யாணப் பத்திரிகை உறை ஒன்றின் பின்பக்கம் ஒரு நீளக் கோடு போட்டுக் காட்டினேன். "களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, பார்வதிபுரம் என்று ஒரே ரோட்டில் வரிசையாக வரும் அல்லவா மக்களே? இதுவும் அப்படித்தான்" என்றேன். "அப்படியென்றால் எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்தால் போதுமா மாமா?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. முதலில் தெரிய வேண்டியது அந்தத் திசைதான்.

கோட்டின் மேல் முனையில் சென்னைக் கடற்கரை. அங்கிருந்து கீழே வரிசையாக: கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். அதற்கும் கீழே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று செங்கல்பட்டு வரை போகும். நீங்கள் இறங்க வேண்டிய நிலையத்தையும் அதற்கு முந்தைய இரண்டு நிலையங்களையும் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நெரிசலில் போனை எடுத்துப் பார்க்க முடியாது.

நிலையத்தின் பெயரும் நமக்குப் பழகிய இடத்தின் பெயரும் வேறாக இருக்கும். தி.நகருக்கு மாம்பலத்தில் இறங்க வேண்டும். விமான நிலையத்துக்குத் திரிசூலம். செயின்ட் தாமஸ் மவுண்ட் என்பதும் பரங்கிமலை என்பதும் ஒரே நிலையம். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்குப் பூங்கா நிலையம். நோயாளியோடு போகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மறக்கக் கூடாது.

படி 2: விரைவு ரயிலை எங்கே விடுவது?

எல்லோரும் எழும்பூர் வரை போயே தீர வேண்டும் என்று நினைக்கிறோம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையிலேயே தாம்பரத்தில் நிற்கும். குரோம்பேட்டை, பல்லாவரம், பொத்தேரி, வண்டலூர் போகிறவர்கள் அங்கேயே இறங்கிவிடலாம். எழும்பூர் போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். அந்த்யோதயா எக்ஸ்பிரஸில் வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, அது தாம்பரத்தோடு முடிகிறது. பஸ்ஸில் வருகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்குவார்கள். ஊரப்பாக்கம், வண்டலூர் நிலையங்கள் அங்கிருந்து அருகில்தான்.

படி 3: டிக்கெட்

குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். கவுன்டரில் எடுக்கலாம், தானியங்கி இயந்திரத்தில் எடுக்கலாம், ரயில்வேயின் ரயில்ஒன் செயலியிலும் எடுக்கலாம். செயலியை ஊரிலேயே இறக்கிப் பதிவு செய்து, கொஞ்சம் பணமும் போட்டு வைத்துவிடுங்கள். தாம்பரத்தில் இரண்டு பையோடு நின்று ஓடிபி வருமா என்று காத்திருப்பது வேண்டாத துன்பம். ஒன்று கவனியுங்கள்: செயலியில் எடுப்பதானால் நிலையத்துக்குள் போவதற்கு முன்பே எடுங்கள். தண்டவாளத்துக்கு அருகில் நின்றால் செயலி மறுத்துவிடும். அப்போது நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் எடுக்க வேண்டும்.

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். தினமும் போகிறவர்கள் சீசன் டிக்கெட் எடுத்துவிடுவது லாபம்.

2025 ஏப்ரலில் இருந்து இந்தத் தடத்தில் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. கதவுகள் தானாக மூடிக்கொள்ளும். சாதாரண டிக்கெட் அதில் செல்லாது, அதன் கட்டணம் 35 ரூபாயில் தொடங்குகிறது. வயதானவர்களோடு மத்தியான வெயிலில் போவதானால் அந்தப் பணம் கொடுக்கத் தகுந்ததே.

படி 4: எந்த வண்டி?

நடைமேடையில் எரியும் பலகையில் போய்ச் சேரும் நிலையத்தின் பெயர் இருக்கும். எழும்பூரிலிருந்து கிண்டிக்கு என்றால் தாம்பரம், செங்கல்பட்டு எதுவானாலும் ஏறலாம். பொத்தேரிக்கு அப்படி ஏறக் கூடாது. தாம்பரம் வண்டி தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு அல்லது அதற்கு அப்பால் போகும் வண்டிதான் வேண்டும். சில நிலையங்களில் நிற்காத விரைவு மின்சார வண்டி என்று அறிவித்தால் உங்கள் நிலையத்தில் நிற்குமா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். கேட்டால் சொல்லாத ஆளை நான் அங்கே பார்த்ததில்லை. வண்டியைத் தவறவிட்டாலும் பதறாதீர்கள். நம் ஊரில் ஒரு ரயிலை விட்டால் அரை நாள் போய்விடும், அங்கே சிறிது நேரத்தில் அடுத்தது வந்துவிடும்.

எழும்பூரில் மின்சார ரயில் நடைமேடைகள் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கின்றன. எங்கேயானாலும் நடை மேம்பாலத்தில் ஏறியே மறுபக்கம் போங்கள். நாலு பேர் இறங்குகிறார்களே என்று தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள். பக்கத்துத் தடத்தில் விரைவு ரயில் வரும் சத்தம், நின்றிருக்கும் வண்டியின் இரைச்சலில் கேட்காது.

படி 5: எந்தப் பெட்டி?

மகளிர் பெட்டி, முதல் வகுப்பு, மாற்றுத்திறனாளிகள் பெட்டி, வியாபாரிகள் பெட்டி என்று வெளியே எழுதியிருக்கும். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று நான் முதல் தடவை ஏறியது முதல் வகுப்பில். இருக்கைகள் கொஞ்சம் நன்றாக இருந்தன, அவ்வளவுதான் வேறுபாடு. கையில் இரண்டாம் வகுப்பு டிக்கெட். பரிசோதகர் மரியாதையாகவே பேசினார், ஆனால் அபராதம் கட்டித்தான் இறங்கினேன். அம்மா கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்தும் மட்டிப்பழமும் மடியில் இருந்தன. பர்ஸில் மீதியிருந்த பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு ஏறுங்கள்.

வாசலில் தொங்காதீர்கள். கம்பங்கள் மிக நெருக்கமாகக் கடந்து போகும்.

படி 6: இறங்குவது

முந்தைய நிலையம் தாண்டியதுமே எழுந்து வாசலை நோக்கி நகருங்கள். "மாம்பலம் இறங்கணுமா?" என்று முன்னால் நிற்பவரைக் கேட்பது அங்கே இயல்பான பேச்சு. அவர் இறங்கினால் பின்னாலேயே போகலாம், இல்லையென்றால் விலகி வழி விடுவார். நடைமேடை எந்தப் பக்கம் வரும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டால் யார் மீதும் இடிக்காது. வெளியே வரும்வரை டிக்கெட் கையில் இருக்கட்டும்.

தடம் மாற வேண்டியவர்களுக்கு

அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் பக்கம் வேலை கிடைத்துப் போகிறவர்கள் நம்மில் நிறைய. அவர்களுக்கு எழும்பூரிலிருந்து நேர் வண்டி இல்லை. கடற்கரை வண்டியில் ஏறி அடுத்த நிலையமான பூங்காவில் இறங்குங்கள். பெரியார் சாலையைச் சுரங்கப்பாதை வழியாகக் கடந்தால் சென்ட்ரலின் சிவப்புக் கட்டடம் எதிரே நிற்கும். அதற்குள் போகாதீர்கள். அதற்கு இடப்புறம், மாநகராட்சியின் வெள்ளை ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருப்பதுதான் மூர் மார்க்கெட் வளாகம் என்ற மின்சார ரயில் நிலையம். மேற்கே அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாகப் போகும் அரக்கோணம் தடத்துக்கும் வடக்கே கும்மிடிப்பூண்டி தடத்துக்கும் அங்கேதான் வண்டி.

தரமணி, திருவான்மியூர், வேளச்சேரிக்குப் போகிறவர்களுக்குத் தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில். அதுவும் கடற்கரையிலிருந்து கிளம்புகிறது, ஆனால் பூங்கா நிலையத்துக்கு வராது. அதற்கு அருகிலேயே உள்ள பார்க் டவுன் என்ற வேறு நிலையத்தில் நிற்கும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இங்கே குழம்பாதவர் குறைவு. கோட்டை நிலையத்தில் இரண்டு தடமும் சந்திக்கின்றன. பையோடு வருகிறவர்கள் அங்கே மாறிக்கொள்வது எளிது.

ஊருக்குத் திரும்பும்போது

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் எழும்பூரில் மாலையில் புறப்படுகிறது. பொத்தேரி, குரோம்பேட்டை பக்கம் தங்கியிருப்பவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்திலேயே ஏறலாம். ஆனால் டிக்கெட் பதிவு செய்யும்போதே ஏறுமிடம் தாம்பரம் என்று போடுங்கள். எழும்பூர் என்று பதிந்துவிட்டு, மாற்றாமல் தாம்பரத்தில் காத்திருந்தால், பரிசோதகர் உங்கள் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட நேரலாம்.