ஸ்காபரோவுக்குக் குடிபெயரும் முன்: பலர் செய்கிற தவறுகள்

ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் உள்ள உறவினர் வீட்டுக்குச் சிலர் வருகிறார்கள். மத்தியானம் பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். வெயில் தாழ்ந்ததும் பிரிம்லி சாலை வழியே இறங்கி ஏரிக்கரைக்குப் போகிறார்கள். ஒரு பக்கம் வானத்தைத் தொடுவது போல வெளிறிய மண்சுவர்கள், மறுபக்கம் கரை தெரியாத ஒன்ராறியோ ஏரி. திரும்பும் வழியில் தமிழ்க் கடையில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்குகிறார்கள். காரில் ஏறும்போதே முடிவாகிவிடுகிறது: “இங்கேயே வந்துவிடுவோம்.”

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்காபரோவில் வாழ்கிறேன். இந்த ஊரை மனதார நேசிக்கிறேன். யாரையும் வர வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஊரில் யாரும் வாழ்வதில்லை. வாழப்போவது பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணியில். அந்த நேரத்து ஸ்காபரோவைப் பார்க்காமல் வீடு வாங்கியவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்றுவிட்டுப் போவதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அந்த இழப்பு தவிர்க்கக்கூடியது.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பது

வரைபடத்தில் நகர மையம் அருகில்தான் தெரியும். கார் இல்லாதவருக்கு, அல்லது ஒரே காரை இருவர் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்துக்கு, அந்த வரைபடத்தால் பயனில்லை. மார்க்கம் சாலையும் லோரன்ஸும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் வீடு பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பஸ் தரிப்பிடத்துக்கு நடை, பஸ்ஸுக்குக் காத்திருப்பு, பஸ் பயணம், அங்கிருந்து சுரங்க ரயில், பிறகு யங் தெருவில் இன்னொரு ரயில். பனி கொட்டும் நாளில் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துவிடும். தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் பத்துப் பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். நிரம்பி வரும் பஸ் கதவைத் திறக்காமல் கடந்து போகும். அடுத்தது வரும்வரை கால்விரல்கள் மரத்துப்போகும்.

இதில் இன்னொரு பிழையும் சேர்ந்துகொள்கிறது. வீடு விற்பனை முகவர் “சப்வே வருகிறது” என்பார். உண்மைதான். கென்னடி நிலையத்திலிருந்து ஷெப்பர்ட்–மக்கோவன் சந்திவரை 7.8 கிலோமீட்டர் நீளத்தில், மூன்று புதிய நிலையங்களுடன் வேலை நடக்கிறது. ஆனால் வரப்போகிற ரயிலில் இன்று ஏற முடியாது. 1985 இல் தொடங்கிய பழைய ஸ்காபரோ ஆர்.டி. ரயில், 2023 ஜூலை 24 அன்று தடம்புரண்டதோடு நிரந்தரமாக நின்றுபோனது. அந்த வழித்தடத்தை நம்பி வீடு எடுத்தவர்கள் ஒரே இரவில் பஸ் பயணிகள் ஆனார்கள். எனவே இன்று இருக்கிற போக்குவரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். நாளை வருவது வரும்போது அனுபவிக்கலாம்.

மறுபுறம், இருக்கிற நல்ல வசதியைப் பலர் கவனிப்பதே இல்லை. கில்ட்வுட், ரூஜ் ஹில், எக்ளின்டன், அஜின்கோர்ட் போன்ற இடங்களில், சுற்றியுள்ள ஊர்களை நகர மையத்தோடு இணைக்கும் கோ ரயிலின் நிலையங்கள் இருக்கின்றன. 2024 பெப்ரவரி இறுதியிலிருந்து நடைமுறையில் உள்ள ஒரே கட்டணத் திட்டத்தால், கோ ரயிலிலிருந்து ரொறன்ரோ நகரப் போக்குவரத்தான ரி.ரி.சி.யின் பஸ்ஸுக்கு மாறும்போது இரண்டாவது கட்டணம் இல்லை. வேலை நகர மையத்து யூனியன் நிலையத்தைச் சுற்றி என்றால், இன்னொரு படுக்கையறையைவிடக் கோ நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருப்பது பெரிய சொத்து. முடிவெடுக்கும் முன் வேலைநாள் ஒன்றில், வேலைக்குப் போகும் அதே நேரத்தில், அந்த வீட்டு வாசலிலிருந்து வேலைத்தலம்வரை ஒருமுறை போய்த் திரும்பிப் பாருங்கள். மாலைப் பயணத்தையும் சேர்த்து.

காட்சிக்குக் காசு கொடுத்து, மண்ணைப் பார்க்காமல் விடுவது

1793 இல் அன்றைய துணைநிலை ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ இந்த ஏரிக்கரையைக் கண்டபோது இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் உள்ள ஸ்காபரோவின் பாறைகள் நினைவுக்கு வந்ததால்தான் இந்தப் பெயர் வந்தது. ஆனால் இங்கே இருப்பவை பாறைகள் அல்ல. சுமார் 15 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 90 மீட்டர்வரை உயர்ந்து நிற்கும் அந்தச் சுவர்கள் பனியூழிக் காலத்தில் படிந்த மணலும் களிமண்ணும்தான். கீழே ஏரி அலை அரிக்கிறது. மேலே மழைநீரும் பனி உருகிய நீரும் மண்ணுக்குள் இறங்கி, சுவரின் முகத்தில் ஊற்றாகக் கசிந்து, மணலை இழுத்துக்கொண்டு போகிறது. வசந்த காலத்தில் கிளிஃப்சைட் பக்கம் நடந்து பாருங்கள்: விளிம்பில் வேர்கள் வெளியே தொங்கும் மரங்களும், அந்தரத்தில் நிற்கும் வேலித்துண்டுகளும் தெரியும். அந்த அழகே அரிப்பின் விளைவு. அரிப்பு நின்றுவிட்டால் புல் மூடிய சரிவாகிவிடும்.

ஆகவே விளிம்புக்கு அருகில் வீடு பார்க்கிறவர்கள் மூன்று விடயங்களை எழுத்தில் வாங்க வேண்டும். அந்தக் காணி, ஆற்றோரங்களையும் ஏரிக்கரையையும் காக்கும் ரொறன்ரோ பிராந்தியப் பாதுகாப்பு அதிகாரசபையின் ஒழுங்குவிதிக்குள் வருகிறதா? வருமானால், பின்புறம் ஒரு மேடை அமைக்கக்கூட அனுமதி கேட்க நேரிடலாம். நிலைத்த சரிவின் எல்லை, அதாவது மண் இனிச் சரியாது என்று கணிக்கும் கோடு, எங்கே என்று பொறியியலாளர் அறிக்கை இருக்கிறதா? வீட்டுக் காப்புறுதி மண்சரிவை ஏற்குமா? கனடாவில் வழக்கமான வீட்டுக் காப்புறுதி நிலச்சரிவையும் மண் நகர்வையும் பொதுவாக விலக்கிவிடுகிறது. ஏரி தெரியும் ஜன்னலுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், காப்புறுதி இல்லாத மண்ணின் மேல் நிற்கக்கூடும்.

விளிம்பிலிருந்து தள்ளி வாங்கினாலும் தண்ணீர் துரத்தும். எங்கள் முதல் வீட்டைப் பார்த்தது ஓகஸ்ட் மாதம். நிலத்தடித் தளமான பேஸ்மென்டின் சுவருக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார்கள். சுத்தமாக இருக்கிறதே என்று மகிழ்ந்தோம். போட்டி அதிகமாக இருந்த காலம் என்பதால் வீட்டுப் பரிசோதனை நிபந்தனையைக் கைவிட்டு விலை கொடுத்தோம். மார்ச் மாதம் பனி உருகியபோது, சப்பாத்து அடுக்கின் பின்னால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு அந்தச் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளை உப்புப் பூத்திருந்தது. பழைய ஈரம். அந்த உப்பைப் பார்க்கத் தெரிந்த ஒருவரை முதலிலேயே அழைத்திருந்தால், நீர்த்தடுப்பு வேலைக்கு நாங்கள் பட்ட கடன் இருந்திருக்காது. கழிவுநீர் பின்னோக்கி வருவதற்கான காப்புறுதியும் பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று. கேட்டு வாங்குங்கள்.

ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவை ஒட்டிய கிழக்குப் பகுதி பலருக்கும் கனவு. எனக்கும் பிடித்த இடம் அது. மானும் ஆற்றுமீனும் வீட்டுக்குப் பக்கத்தில் காணக்கிடைப்பது எளிதல்ல. ஆனால் அங்கே வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வர வேண்டும்: பிக்கரிங் அணுமின் நிலையம் அதற்கு அடுத்த ஊரில் இருக்கிறது. 2015 இல் அந்த நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு, கதிர்வீச்சு அபாயத்தில் தைராய்டைக் காக்கும் பொட்டாசியம் அயோடைட் மாத்திரைகள் முன்னெச்சரிக்கையாக அனுப்பப்பட்டன. ஸ்காபரோவின் கிழக்கு முனை அந்த வட்டத்துக்குள் வருகிறது. பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்த மாத்திரைப் பெட்டியைக் கண்டு திகைக்கும் நிலையும் வரக்கூடாது. அஜின்கோர்ட் பக்கம் என்றால் சரக்கு ரயில் முற்றம் இருக்கிறது; இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை போய்க் காரை நிறுத்திக் காதைக் கொடுங்கள்.

வீட்டு விலையை மட்டும் பார்ப்பது

ஸ்காபரோவைப் புறநகர் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் 1998 இல் அது ரொறன்ரோ மாநகரத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. இதற்கு என்ன விலை என்பது கையெழுத்திடும் நாளில்தான் பலருக்குத் தெரிகிறது. ஒன்ராறியோவில் எங்கே வாங்கினாலும் மாகாணத்துக்குக் காணி மாற்றுவரி உண்டு. ரொறன்ரோவுக்குள் வாங்கினால் நகரத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும்; சாதாரண விலை வீடுகளுக்கு அதுவும் அதே அளவு. 9 இலட்சம் டொலர் வீட்டுக்கு மாகாண வரி 14,475 டொலர், நகர வரி 14,475 டொலர். ஆக 28,950. அதே விலை வீட்டை ரூஜ் ஆற்றுக்கு அப்பால் பிக்கரிங்கில் வாங்கினால் முதலாவது மட்டும்தான். முதல்முறை வாங்குவோருக்கு மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் தள்ளுபடி தருகின்றன. அப்படியும் ஸ்காபரோவில் 10,000 டொலர் கூடுதலாகிறது. இந்தப் பணத்தை மோட்கேஜில் (வீட்டுக் கடனில்) சேர்க்க முடியாது, கையில் இருக்க வேண்டும். மஞ்சள் கயிற்றில் தாலியை மாற்றிக்கொண்டு கொடியை அடகு வைத்து இந்த வரியைக் கட்டிய ஒரு தம்பதியை எனக்குத் தெரியும்.

இதை மட்டும் வைத்துப் பிக்கரிங்தான் மலிவு என்று ஓடிவிடவும் வேண்டாம். ஆண்டுதோறும் கட்டும் சொத்துவரி வீதம் ரொறன்ரோவில், பிக்கரிங் அடங்கிய டர்ஹம் பிராந்தியத்தைவிடக் குறைவு. பத்து ஆண்டுகள் இருக்கப்போகிறவருக்கு ஒரு கணக்கு, மூன்று ஆண்டில் மாறக்கூடியவருக்கு வேறு கணக்கு. கார்க் காப்புறுதிக்கும் முகவரி முக்கியம். ஸ்காபரோவின் பல அஞ்சல் குறியீடுகளில் அது கனமாகவே இருக்கும். வீட்டுக்கு விலை பேசும் முன்னரே அந்தக் குறியீட்டைக் கொடுத்து விலை கேட்டுவிடுங்கள்.

பேஸ்மென்ட் வாடகையை நம்பி மோட்கேஜ் எடுப்பது நம்மவரிடையே மிகப் பரவலான பழக்கம். நம்மில் எத்தனையோ பேரின் கனடா வாழ்க்கை அப்படியொரு பேஸ்மென்டில்தான் தொடங்கியது. ஆகவே அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அது சட்டப்படியான தனிக்குடியிருப்பா என்பதை நகரத்தின் கட்டட அனுமதிப் பதிவில் பார்க்காமல் வாங்காதீர்கள். தீ பரவாத தடுப்பு, வெளியேறும் வழி, புகை அபாய மணி ஆகியவை காகிதத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. கீழே தூங்கப்போவது யாரோ ஒருவரின் பிள்ளை. வாடகை நான்கு மாதம் வராவிட்டாலும் மோட்கேஜ் கட்ட முடியுமா என்பதையும் கணக்கில் சேருங்கள்.

“எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள்” என்பதோடு நிறுத்திக்கொள்வது

6 இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் இடத்தை ஒரே ஊராக நினைப்பதுதான் தவறு. அஜின்கோர்ட்டில் சீனக் கடைப் பலகைகள், வெக்ஸ்ஃபோர்டில் லோரன்ஸ் அவென்யூ நெடுகிலும் அரபு உணவகங்களும் பேக்கரிகளும், மால்வேனில் கரீபியரும் தமிழரும் பக்கத்து வாசல்களில். ஏரிக்கரை ஓரமான சில தெருக்கள் இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. பன்மை என்பது மொத்த ஊரின் கணக்கில் இருக்கும். உங்கள் தெருவில் இருக்குமா என்பது வேறு கேள்வி. சனிக்கிழமை முற்பகல் அந்தப் பகுதியின் நூலகத்துக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தால் விடை கிடைத்துவிடும். யார் வருகிறார்கள், பிள்ளைகள் எந்த மொழியில் கிசுகிசுக்கிறார்கள், யார் யாருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரியும்.

இதன் மறுபக்கமாக, செய்தியில் வந்த ஒரு துப்பாக்கிச் சம்பவத்தை வைத்து முழு ஊரையும் ஒதுக்குகிறவர்களும் உண்டு. இங்கே பிள்ளைகளை வளர்த்தவன் என்ற முறையில் அது என்னை வருத்துகிறது. ரொறன்ரோ பொலிஸ் தன் தரவுகளைப் பகுதிவாரியாக வெளியிடுகிறது. அதைப் பாருங்கள், தெருவில் நடந்து பாருங்கள், அங்கே குடியிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள்.

பாடசாலை விடயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வீடுகளுக்கு இடையில் பாடசாலை எல்லை மாறலாம். கல்விச் சபையின் இணையத்தில் கதவிலக்கத்தைக் கொடுத்து உறுதிசெய்யுங்கள். முகவர் சொன்னதை நம்ப வேண்டாம். தமிழ் வகுப்புக்கும் இடம் எங்கே என்று அதே நேரத்தில் கேட்டுவிடலாம்.

முதியவர்களை மறந்து முடிவெடுப்பது

இதைத்தான் பெரிய தவறாக நான் நினைக்கிறேன். அம்மா, அப்பாவுக்காகவே ஸ்காபரோவுக்கு வருகிறோம் என்பார்கள். கோயில் இருக்கிறது, தமிழ் மருத்துவர் இருக்கிறார், தமிழ்க் கடை இருக்கிறது. எல்லாம் காரில் போனால்தான். பிள்ளைகள் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அழகான ஒதுக்குப்புறத் தெருவில் வாங்கிய பெரிய வீட்டில், ஜன்னலோரம் இருவர் மாலைவரை உட்கார்ந்திருக்கிறார்கள். கடை இரண்டு கிலோமீட்டர் தள்ளி. நடைபாதையில் உறைந்த பனி.

என் தாயாருக்காக நாங்கள் இரண்டாவது வீட்டைத் தேடியபோது, வீட்டுக்குள் போகும் முன் அவரையே வாசலிலிருந்து நடக்கவிட்டோம். ஜனவரி மாதம். ஊன்றுகோலோடு நூலகத்துக்குப் பன்னிரண்டு நிமிடம், பஸ் தரிப்பிடத்துக்கு நான்கு நிமிடம், நடுவில் ஒரே ஒரு சந்தி. சமையலறை சிறியது, ஏரி தெரியாது, வாகனம் நிறுத்த ஒரே இடம். அந்த வீட்டைத்தான் வாங்கினோம். அவர் இருந்தவரை செவ்வாய்க்கிழமைகளில் அந்த நூலகத்தின் தமிழ் அடுக்கிலிருந்து இரண்டு புத்தகம் எடுத்து, துணிப்பையில் போட்டுக்கொண்டு, தானே நடந்து வீட்டுக்கு வருவார்.