ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்புகிறீர்களா? முதலில் பெயரைச் சரிபாருங்கள்

அக்டோபரில் தொடங்கும் குளிர்காலப் பருவத்துக்கு (செமஸ்டருக்கு) ஜெர்மனி போகிற தம்பி தங்கைகள் ஆகஸ்ட் பிறந்ததும் என்னிடம் கேட்பது, "குக்கர் கொண்டு போகலாமா?" என்பதுதான். தாராளமாகக் கொண்டு போகலாம். ஆனால் ஆகஸ்டில் நிம்மதியாகக் குக்கரைப் பற்றி யோசிக்க வேண்டுமென்றால், முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். அங்கே ஒரு காகிதம் இன்னொரு காகிதத்தைக் கேட்கும். ஏபிஎஸ் என்ற சரிபார்ப்புச் சான்றிதழ் இல்லாமல் விசா இல்லை. வீட்டு முகவரி பதியாமல் பெரும்பாலான வங்கிகளில் கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால் நீங்களே கட்டி வைத்த பணம்கூட உங்கள் கைக்கு வராது. எது முதலில், எது பின்னால் என்பதுதான் இதில் முக்கியம். அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: பெயர்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது; இனிஷியல்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கார்த்திக் ஆர்" என்று இருக்கும். கல்லூரிப் பட்டத்தில் "ஆர். கார்த்திக்" ஆகிவிடும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதால் "கார்த்திக் ராஜேந்திரன்" ஆகியிருக்கும். அதிலும் பலருக்கு இரண்டு பெயரும் "கிவன் நேம்" கட்டத்திலேயே விழுந்து, "சர்நேம்" கட்டம் காலியாகக் கிடக்கும்.

ஜெர்மனியில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றைக் காலியாக விட்டால் பல இணையப் படிவங்கள் அடுத்த பக்கத்துக்கே போகாது. அந்த நேரத்துக்கு மனதில் பட்டதை நிரப்பி விண்ணப்பித்தவர்களை எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் ஒரு பெயர், காப்பீட்டில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று ஆகி, ஒவ்வொன்றையும் திருத்தவே அவர்களுக்கு ஒரு பருவம் போய்விட்டது.

ஆகவே பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். சர்நேம் காலியாக இருந்தால், அப்பா அல்லது அம்மாவின் பெயரை அந்தக் கட்டத்துக்கு மாற்றி, மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். மற்ற எல்லா விண்ணப்பங்களுக்கும் முன்னால் இது முடிய வேண்டும். புதிய பாஸ்போர்ட் வந்தபின் அதில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, எல்லா இடத்திலும் நிரப்புங்கள். "இந்த எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையது" என்று முத்திரைத் தாளில் நோட்டரி கையெழுத்துடன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, மார்க் ஷீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியிலிருந்தும் அப்படி ஒரு கடிதம் கிடைத்தால் இன்னும் நல்லது.

படி 2: ஏபிஎஸ் சான்றிதழ்

உங்கள் மார்க் ஷீட்டும் பட்டமும் உண்மையானவை என்று டெல்லியில் உள்ள ஏபிஎஸ் அலுவலகம் சரிபார்த்துத் தரும் சான்று இது. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களின் விசா விண்ணப்பத்துக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். விண்ணப்பங்கள் குவிகிற மாதங்களில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், இறுதியாண்டில் இருக்கும்போதே, கையில் உள்ள பருவங்களின் மார்க் ஷீட்டுகளை வைத்து அனுப்பிவிடுங்கள். அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலகத்தில் இருந்தால் இப்போதே கேட்டு வாங்குங்கள்.

படி 3: பணம்

வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேச வேண்டிய படி இது. "டியூஷன் ஃபீஸ் இல்லை" என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் அது உண்மைதான், எல்லாவற்றிலும் அல்ல. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிற மாணவர்கள் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் வாங்குகிறது.

கட்டணம் இல்லாத இடத்துக்குப் போனாலும், ஓராண்டுச் செலவுக்கான தொகையை பிளாக்ட் அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில், முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தாலே ஏறக்குறைய 12 லட்சம். அங்கே போய்ச் சேர்ந்தபின் மாதம் 992 யூரோ வீதம் உங்கள் ஜெர்மன் வங்கிக் கணக்குக்கு வரும். தொகை அவ்வப்போது உயரும். விண்ணப்பிக்கிற அன்று தூதரக இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கல்விக்கடன் வாங்குகிறவர்கள் அட்மிஷன் கடிதம் வருகிறவரை காத்திருக்காமல், அதற்கு முன்பே வங்கி மேலாளரைப் பார்த்துப் பேசுங்கள். பிளாக்ட் அக்கவுண்டுக்கு நேரடியாகப் பணம் அனுப்புவார்களா, எத்தனை நாள் பிடிக்கும் என்று கேளுங்கள். சொந்தப் பணம் என்றால், ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் பகுதிக்கு டிசிஎஸ் என்ற வரியை வங்கியிலேயே பிடிப்பார்கள். பிடித்தது போனதல்ல, அனுப்பியவர் வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். அப்பா அவசரத்தில் யார் கணக்கிலிருந்தோ அனுப்பிவிடாமல், யார் பேரில் அனுப்புவது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு விஷயம். அந்த 992 யூரோ போய் இறங்கிய அன்றே கிடைக்காது. முகவரி பதிந்து, வங்கிக் கணக்கு திறந்து, அட்டை வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். அதுவரை சாப்பிட, முதல் மாத வாடகையும் முன்பணமும் கட்டத் தனியாகப் பணம் வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டிலும் கையிலுமாக 1,500 யூரோவாவது எடுத்துப் போங்கள் என்பது என் கருத்து.

படி 4: காப்பீடும் விசாவும்

உங்களுக்கு இரண்டு காப்பீடு தேவை. விமானம் ஏறும் நாளிலிருந்து பல்கலைக்கழகப் பதிவு முடிகிறவரை பயணக் காப்பீடு. அதன்பின் ஜெர்மன் பொது மருத்துவக் காப்பீடு. 30 வயதுக்குள் இருந்தால் மாணவர் கட்டணம், மாதம் ஏறக்குறைய 150 யூரோ. 30 தாண்டியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இதைத் தெரியாமல் செலவுக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

விசாக் கட்டணம் 75 யூரோ. எல்லாக் காகிதமும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் மறுபரிசீலனை கேட்டுத் தூதரகத்துக்கே கடிதம் எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வசதி எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது வழக்குப் போட வேண்டும். எதைச் செய்தாலும் அந்தப் பருவம் கைவிட்டுப் போய்விடும்.

படி 5: அறை

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். இந்த விடுதிகளை நடத்துவது ஷ்டூடியரெண்டன்வெர்க் என்ற அமைப்பு. வாடகை வெளியே இருப்பதைவிடக் குறைவு. மியூனிக் போன்ற ஊர்களில் காத்திருப்போர் பட்டியலே ஆண்டுக்கணக்கில் நீளும். கெம்னிட்ஸ் போன்ற கிழக்கு ஊர்களில் எளிதாகக் கிடைக்கும்.

வெளியே அறை பார்க்கிறவர்கள் உரிமையாளரிடம் வாடகையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, "முகவரி பதிவுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?" என்பதுதான். தரமாட்டேன் என்றால் அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் போடுகிறேன்" என்று யாராவது எழுதினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அறையை நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

படி 6: பெட்டி

குளிருக்கு ஒரு ஜாக்கெட்டும் உள்ளே போட இரண்டு தெர்மல் உடைகளும் போதும். மற்றதை அங்கே வாங்குங்கள். மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட் என்பதால் மிக்சி ஓடும், ஆனால் அதன் மூன்று முள் பிளக் அங்கே சொருகாது; அடாப்டர் வேண்டும். குக்கர் வாங்கினால் இண்டக்‌ஷன் அடுப்பிலும் வேலை செய்கிற அடிப்பாகம் உள்ளதாக வாங்குங்கள். பல்லையும் கண்ணையும் ஊரிலேயே காட்டிவிட்டு, கண்ணாடி இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள்.

சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், பெருங்காயம் எல்லாம் போகலாம். நெய், பால்கோவா, பால் பவுடர் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பாலில் செய்ததையும் இறைச்சியையும் பயணிகள் கொண்டுவரத் தடை. அம்மா வெண்ணெய் உருக்கி வடிகட்டித் தந்த நெய் பாட்டில் குப்பைக்குப் போவதைப் பார்க்கிற வேதனை உங்களுக்கு வேண்டாம்.

டிக்கெட் போடும்போது திங்களிலிருந்து வியாழனுக்குள் போய் இறங்குகிற மாதிரிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடிக் கிடக்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை, அன்றும் அப்படித்தான்.

படி 7: முதல் இரண்டு வாரம்

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதை அன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட்டும் உரிமையாளர் கையெழுத்திட்ட தாளும் போதும். பெரிய ஊர்களில் இதற்கு முன்பதிவு கிடைப்பதே பாடு. முகவரி உறுதியானதும் சென்னையிலிருந்தே நேரம் வாங்கிவிடுங்கள். பதிவுத் தாள் கைக்கு வந்ததும் வங்கிக் கணக்கு, பிறகு பிளாக்ட் அக்கவுண்டிலிருந்து பணம். விசா முடிகிற தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு முன்பே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், போய் இறங்கிய அன்று மாலையே செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று உண்டு. ஜெர்மனியில் முகவரியில் வீட்டுக் கதவு எண் எழுதுகிற வழக்கம் பொதுவாக இல்லை. தெருவும் கட்டட எண்ணும் மட்டும்தான். தபால்காரர் கீழே வரிசையாக இருக்கிற பெட்டிகளில் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

நான் போனபோது என்னைக் கூப்பிடுகிற பெயரை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டினேன். வங்கி அட்டையோ என் குடும்பப் பெயருக்கு, அதாவது அப்பா பெயருக்கு வந்தது. அந்தப் பெயரில் பெட்டி இல்லாததால் வந்த வழியே திரும்பிவிட்டது. மறுபடி அட்டை வர மூன்று வாரம் ஆனது. கணக்கில் பணம் இருந்தும், பக்கத்து அறைத் தோழியிடம் கடன் வாங்கி அரிசி வாங்கினேன். வரி எண், காப்பீட்டு அட்டை, டிவி, ரேடியோவுக்காக மாதம் 18.36 யூரோ கேட்டு வருகிற ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் வரும்.

அதனால் கைப்பையில் ஒரு பேனா, ஒரு டேப், நான்கு வெள்ளைத் துண்டுத் தாள்கள் வையுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, தபால் பெட்டியில் ஒன்று, வாசல் அழைப்பு மணியில் ஒன்று ஒட்டுங்கள். விடுதியில் அச்சிட்ட பெயர்தான் வைக்க வேண்டும் என்றால், அது வருகிறவரை இது இருக்கட்டும். ஒட்டிவிட்டு மேலே போய்ப் பெட்டியைப் பிரியுங்கள்.