குளிர்கால வேட்டைக்குக் குறைந்த செலவில் கம்பளி ஆடைகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குளிர்காலத்தில் வேட்டைக்குச் செல்பவர் ஒரே நாளில் இரண்டு முரண்பட்ட நிலைகளுக்கு உடுத்த வேண்டியிருக்கிறது. விடியுமுன் இருட்டில், துப்பாக்கியும் பையுமாகப் பனியில் மேடேறும்போது உடல் கொதித்து வியர்க்கிறது. விலங்குக்காகக் காத்திருக்கும் உயர்ந்த மேடையான பரணை அடைந்து உட்கார்ந்தபின், மூன்று நான்கு மணி நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும். ஏறும்போது உள்ளாடையில் ஊறிய வியர்வைதான் உட்காரும்போது உடல் சூட்டை உறிஞ்சி நடுங்க வைக்கிறது. வேட்டைக்கான ஆடை இந்த ஈரத்தை எப்படிக் கையாள்கிறது என்பதுதான் முதல் கேள்வி. எவ்வளவு தடிமன் என்பது அதற்குப் பிறகு வருவது.

கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீராவியை உள்வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தோன்றாது. அப்படி உள்வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடுகிறது. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் கம்பளி 16 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை வைத்திருக்க, பாலியெஸ்டர் 0.4 விழுக்காடுதான் வைத்திருக்கிறது. பருத்தியும் ஈரத்தை நன்றாக உறிஞ்சும் என்றாலும், நனைந்ததும் தோலோடு ஒட்டிக்கொண்டு காற்றிடைவெளியை இழந்துவிடுகிறது. கம்பளி இழையில் இயற்கையாக உள்ள சுருள், நனைந்த பிறகும் துணியைப் படிந்துவிடாமல் ஓரளவு தூக்கிப் பிடிக்கிறது. இதோடு வேட்டைக்காரருக்கு வேறு இரண்டு நன்மைகளும் உண்டு: புதரில் உரசினால் கம்பளி சரசரப்பதில்லை, பல நாள் அணிந்தாலும் வியர்வை நாற்றம் மெதுவாகத்தான் ஏறுகிறது.

கம்பளியால் எல்லாம் ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முழுவதும் நனைந்த கம்பளி கனக்கும், மெதுவாக உலரும், வெப்பம் காக்கும் திறனிலும் ஒரு பகுதியை இழக்கும். தளர்வாகப் பின்னிய ஸ்வெட்டருக்குள் காற்று தாராளமாகப் புகும். உள்ளாடை, நடு அடுக்கு, வெளியாடை என்ற மூன்றில் எந்த அடுக்குக்கு எந்தக் கம்பளி என்று பிரித்து வாங்குவதற்கு இதுவே காரணம்.

படி 1: வாங்குவதற்கு முன் அலமாரியைத் திறந்து பாருங்கள்

முதலில் உங்கள் வேட்டை எவ்வகையானது என்று முடிவு செய்யுங்கள். நாள் முழுதும் நடந்து தேடுபவருக்கு மெல்லிய அடுக்குகள் போதும். பரணில் அமர்ந்து காத்திருப்பவருக்குத் தடித்த வெளியாடை தேவை. பிறகு வீட்டில் உள்ள பழைய ஸ்வெட்டர்கள், கம்பளி மஃப்ளர்கள், கோட்டு சூட்டின் கம்பளிக் கால்சட்டை ஆகியவற்றை எடுத்து லேபிளைப் படியுங்கள். அலுவலகத்துக்கு அணிந்து ஓய்ந்த கம்பளிக் கால்சட்டை, தடித்த கால்சட்டைக்குள் அணியும் நடு அடுக்காக நன்றாகவே உழைக்கும். தொடங்குபவர்கள் பலர் தேவையான உடைகளில் பாதி வீட்டிலேயே இருப்பதை அறியாமல் புதிதாக வாங்கிவிடுகிறார்கள்.

படி 2: பணத்தைத் தோலுக்கு அருகிலும் பாதத்திலும் செலவிடுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கண்ணைக் கவரும் விலையுயர்ந்த கோட்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்குள் பருத்திப் பனியனை அணிந்துகொள்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். தோலைத் தொடும் மெரினோ (மெல்லிய இழை தரும் செம்மறி இனத்தின் கம்பளி) உள்ளாடையையும் காலுறையையும் புதிதாகவும் தரமாகவும் வாங்குங்கள். நடு அடுக்கையும் வெளியாடையையும் பழைய துணிக்கடைகளிலும் ராணுவம் கழித்துவிட்ட உடைகளை விற்கும் உபரிக் கடைகளிலும் தேடுங்கள். தடித்த கம்பளி பல்லாண்டு பயன்பாட்டுக்குப் பிறகும் தன் வேலையைச் செய்யும் என்பதால், வெளியாடையைப் பழையதாக வாங்குவதில் இழப்பு மிகக் குறைவு.

படி 3: உள்ளடுக்கு

கம்பளி என்றால் குத்தும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அந்தக் குத்தலுக்குக் காரணம் ஒவ்வாமை என்பதைவிட இழையின் தடிமன் என்பதே பெரும்பாலும் சரி. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைமுனைகள் வளையாமல் தோலை அழுத்துகின்றன. துணியில் அத்தகைய இழைகள் 5 விழுக்காட்டைத் தாண்டினாலே உறுத்தல் தெரியும். மெரினோ இழை பொதுவாக 24 மைக்ரானுக்கும் குறைவானது; உள்ளாடைக்கு 19 மைக்ரானுக்கு அருகிலோ அதற்குக் கீழோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

துணியின் எடை சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று லேபிளில் குறித்திருப்பார்கள். 150 கிராம் நடப்பவருக்கு ஏற்றது. 200 கிராம் பெரும்பாலான நாட்களுக்குப் பொருந்தும். 250 கிராமும் அதற்கு மேலும் உட்கார்ந்தே இருப்பவருக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 200 கிராமை வாங்குங்கள் என்பேன். உள்ளாடை உடலோடு ஒட்டியிருக்க வேண்டும்; தொளதொளவென்று இருந்தால் வியர்வை தோலிலேயே தங்கிவிடும். குளிர்காலம் முடியும் தறுவாயில் இவற்றின் விலை இறங்குவதால், அடுத்த ஆண்டுக்கான உள்ளாடையை அப்போதே வாங்கி வைப்பது நல்லது. சிறிதளவு நைலான் கலந்த மெரினோவை ஒதுக்க வேண்டாம். மெல்லிய மெரினோ எளிதில் ஓட்டை விழும் துணி, நைலான் அதற்கு உறுதி தருகிறது.

படி 4: நடு அடுக்கு

இதற்குப் பழைய ஸ்வெட்டரே போதும். தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு நல்லது. ஏறும்போது ஒன்றைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்ததும் அணியலாம். கழுத்திலிருந்து பாதி வரை திறக்கும் ஸ்வெட்டர் சூட்டை வெளியேற்ற உதவும். தோளிலும் முழங்கையிலும் துணி ஒட்டுப் போட்ட பிரிட்டிஷ் ராணுவப் பாணிக் கமாண்டோ ஸ்வெட்டரும், கழுத்தில் ஐந்து பித்தான் கொண்ட அமெரிக்க ராணுவக் கம்பளிச் சட்டையும் உபரிக் கடைகளில் தேடத் தகுந்தவை. இந்த வடிவங்களை அக்ரிலிக் என்னும் செயற்கை இழையில் செய்தும் விற்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் லேபிளைப் படிக்காமல் எடுக்காதீர்கள்.

படி 5: கால்சட்டையும் வெளியாடையும்

வெளியாடைக்குப் பின்னலாடை உதவாது. இறுக நெய்து, பிறகு வெந்நீரிலும் அழுத்தத்திலும் சுருக்கி அடர்த்தியாக்கிய துணி வேண்டும். மெல்டன், லோடன், மக்கினா என்ற பெயர்களில் வரும் துணிகள் எல்லாம் இந்த வகை. கம்பளி இழையின் மேற்பரப்பில் செதில்கள் இருக்கின்றன. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. நெசவின் இடைவெளிகள் அடைபட்டு, காற்றும் தூறலும் உள்ளே நுழைவது குறைகிறது.

குறைந்த செலவில் இத்தகைய துணி கிடைக்கும் இடம் ராணுவ உபரிதான். ஸ்வீடன் ராணுவத்தின் 1939 மாதிரிச் சாம்பல் நிறக் கம்பளி உடைகளும், சுவிஸ் ராணுவத்தின் கனத்த கால்சட்டைகளும், அமெரிக்க ராணுவத்தின் 1951 மாதிரிக் களக் கால்சட்டைகளும் வேட்டைக்காரர்கள் தேடிப் பிடிப்பவை. பனியில் மணிக்கணக்கில் நிற்பவர்களுக்காகவே தைக்கப்பட்டவை என்பதால் இடுப்பு உயரமாக இருக்கும். குனியும்போது முதுகு வெளியே தெரியாது. கம்பளிக் கால்சட்டை கனமானது, நனைந்தால் இன்னும் கனக்கும். பெல்ட் அதைத் தாங்காது. தோளில் மாட்டும் சஸ்பெண்டரை அதோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ராணுவ உடையின் அளவு எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே உங்களுக்குப் பொருந்தும் ஒரு கால்சட்டையைத் தரையில் விரித்து, இடுப்பையும் உட்கால் நீளத்தையும் அளவுநாடாவால் எடுத்துக்கொண்டு, வாங்கப்போகும் துணியின் அதே இடங்களோடு ஒப்பிடுங்கள். உள்ளே இரண்டு அடுக்குகள் வர வேண்டியிருப்பதால், கோட்டின் மார்புச் சுற்றளவு உங்கள் உடலளவைவிடக் குறைந்தது 15 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். வில் வேட்டைக்காரர்களுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு: தொங்கும் கைப்பகுதி நாணில் மாட்டும் என்பதால், முன்கையில் பொருந்தும் உடையையே எடுக்க வேண்டும்.

பழைய வேட்டைக் கோட்டுகளும் இரண்டாம் கைச் சந்தையில் வருவதுண்டு. அமெரிக்காவின் பில்சன் நிறுவனத்தின் மக்கினா குரூசர் என்னும் கோட்டு, 1914ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற வடிவம். 1830இல் தொடங்கிய உல்ரிச், 1842 முதல் இயங்கும் ஜான்சன் உல்லன் மில்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்களும் தலைமுறைகளாகக் கட்டம்போட்ட வேட்டைக் கம்பளிகளைச் செய்துவந்தவை. இப்பெயர்கள் உள்ள பழைய கோட்டில் பித்தான் இல்லையென்றாலோ அகத்துணி கிழிந்திருந்தாலோ விலை குறையும். அந்தக் குறைகளை ஊசி நூலால் ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம்.

படி 6: கையில் எடுத்துச் சோதியுங்கள்

என் கருத்தில் பணத்தைக் காப்பாற்றுவது இந்தப் படிதான். முதலில் லேபிள்: வெளியாடைக்கு 80 விழுக்காடு கம்பளியும் 20 விழுக்காடு நைலானும் நல்ல கலவை, கம்பளி 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் விட்டுவிடுங்கள். மறுசுழற்சிக் கம்பளி என்றிருந்தால், அது பழைய துணிகளைக் கிழித்து மீண்டும் நூற்றது. இங்கிலாந்தின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா 1813இல் தொடங்கிவைத்த இம்முறையில் இழைகள் குட்டையாகிவிடுவதால், துணி சூடாக இருந்தாலும் உரசும் இடங்களில் விரைவில் தேய்கிறது. உட்கார்ந்து காத்திருப்பவருக்கு அது போதும்; முட்புதரில் நடப்பவருக்குப் போதாது.

அடுத்து, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தொடைக்கவட்டிலும் முழங்கையிலும் ஒளி ஊடுருவினால் அங்கே துணி தேய்ந்திருக்கிறது. ஊசிமுனை அளவு துளைகள் தெரிந்தால் அந்துப்பூச்சி குடியிருந்திருக்கிறது. பிறகு துணியைக் காதருகே வைத்து விரல்களால் கசக்குங்கள். அகத்துணி நைலானாக இருந்தால் சரசரக்கும், அந்த ஒலி மான் காதுக்கும் எட்டும். ஜிப்பைவிடப் பித்தான் நல்லது. கையுறையோடு மாட்டிக் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள்.

லேபிள் இல்லாத துணியை வாங்கியபின், தையலின் உட்பக்கத்திலிருந்து இரண்டு நூல்களை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு தீயில் காட்டுங்கள். கம்பளி மெதுவாகக் கருகி, மயிர் பொசுங்கும் வாடை வீசி, தீயை விலக்கியதும் அணைந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாகும். கம்பளி உருகித் தோலில் ஒட்டாது என்பதால், முகாம் நெருப்பின் பொறிகளுக்கு அருகிலும் அதுவே பாதுகாப்பானது.

மிகப் பெரிய அளவு ஸ்வெட்டர் மலிவாகக் கிடைத்தால், அதைச் சலவை இயந்திரத்தில் வெந்நீரில் இட்டு வேண்டுமென்றே சுருக்கி, காற்று எளிதில் புகாத தடித்த மேற்சட்டையாக மாற்றலாம். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், இழந்தால் வருந்தாத துணியில் மட்டும் செய்யுங்கள். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று குறிப்பிட்ட கம்பளியின் செதில்களை ஏற்கெனவே மழுக்கியிருப்பார்கள், அது சுருங்காது.

படி 7: பாதம், கை, தலை

காலுறை தடிமனாக இருந்து காலணி இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் குளிரும். காலணிக்குள் விரல்கள் அசைய இடம் இருக்க வேண்டும். நடந்து வந்த காலுறையைக் கழற்றிவிட்டு, பரணில் உலர்ந்த மற்றொரு சோடியை அணியுங்கள். செலவில்லாத இந்தப் பழக்கம் விலையுயர்ந்த காலணியைவிட அதிகம் உதவும். விரல்நுனி திறந்த கம்பளிக் கையுறையும், காதை மூடும் குல்லாவும், ஒரு மஃப்ளரும் போதும்.

படி 8: நிறமும் வாடையும்

மான்களின் கண்ணில் நிறம் உணரும் கூம்பணுக்கள் இரண்டே வகை. சிவப்பும் ஆரஞ்சும் அவற்றுக்கு மங்கலாகத்தான் தெரியும். நீலமும் புறஊதாவும்தான் பளிச்சென்று படும். ஆகவே நீல நிறக் கம்பளியைத் தவிர்த்துச் சாம்பல், பழுப்பு, பச்சை நிறங்களையும் பெரிய கட்டங்களையும் எடுங்கள். வெண்மையைக் கூட்டும் பொருள் கலந்த சலவைத்தூளில் துவைக்காதீர்கள்; அது துணியை மானின் கண்ணுக்கு ஒளிரச் செய்துவிடும். ஒளிர் ஆரஞ்சு மேலாடை கட்டாயமான இடங்களில் அதைக் கம்பளிக்கு மேல் தவறாமல் அணியுங்கள். சரசரக்காத மென்துணியில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். உபரித் துணியில் ஏறியிருக்கும் நாப்தலின் (அந்துருண்டை) வாடை எளிதில் போகாது. வேட்டைக் காலத்துக்குச் சில வாரங்கள் முன்பே வாங்கி, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

படி 9: வீட்டில் ஒத்திகை

எல்லா அடுக்குகளையும் அணிந்து, பையைச் சுமந்து, வியர்க்கும்வரை படியேறுங்கள். பிறகு குளிரான மாலையில் வெளியே ஒரு நாற்காலியில் இரண்டு மணி நேரம் அசையாமல் அமருங்கள். எங்கே முதலில் குளிர்கிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்த செலவை அங்கே செய்யுங்கள். உட்காரும் இடத்தில் குளிர்ந்தால் கோட்டை மாற்ற வேண்டாம். பழைய போர்வையை நான்காக மடித்துத் தைத்த ஒரு மெத்தை போதும். துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போது அடுக்குகள் தடுக்கின்றனவா என்பதையும், குண்டு போடாத துப்பாக்கியோடு, பாதுகாப்பான இடத்தில் சரிபாருங்கள்.

படி 10: துவைப்பதும் சேமிப்பதும்

கம்பளியை அடிக்கடி துவைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் உலர்த்தி, தூரிகையால் சேற்றைத் தட்டிவிட்டால் போதும். துவைக்கும்போது 30 டிகிரிக்கு மேற்படாத நீரில், மணமில்லாத மென்மையான சோப்பில் அமிழ்த்தி எடுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்து நிழலில் உலர்த்துங்கள்.

அந்துப்பூச்சியின் புழுக்கள் வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த துணியையே நாடுவதால், பருவம் முடிந்ததும் துவைத்துத்தான் சேமிக்க வேண்டும். பழைய துணி எதையும் வீட்டில் உள்ள மற்ற கம்பளிகளோடு சேர்க்கும் முன், பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தெடுங்கள். முட்டைகளும் புழுக்களும் அதில் இறந்துவிடும். பிறகு தேய்ந்த முழங்கைகளைக் கம்பளி நூலாலேயே இழையோட்டி, காற்றுப் புகாத பெட்டியில் அடுக்கி மூடுங்கள்.