கட்டுச்சோறு ஏன் ஊசிப்போகிறது? ஒருநாள் பயணச் சாப்பாட்டில் நேரும் தவறுகள்

மதியம் ஒரு மணிக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது சோறு நூல் விடுகிறது என்றால், அதற்கான காரணம் காலை ஆறு மணிக்கே அடுப்படியில் நடந்து முடிந்திருக்கும். வெயிலையும் வண்டியையும் குறை சொல்வார்கள். ஆனால் ஆவி அடங்காத சோற்றை மூடியது, வற்றாத புளிக்காய்ச்சலைக் கலந்தது, ஈரம் துடைக்காத இலையில் கட்டியது ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

முதலில் சோறு ஏன் கெடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிநீரில் வெந்தாலும் அவை சாவதில்லை. சோறு ஆறி, 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் முளைத்துப் பெருகத் தொடங்கும். அவற்றில் சில வகைகள் சோற்றில் விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாந்தி எடுக்க வைப்பது அதுதான். சாதாரணச் சோற்றை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்று உணவுப் பாதுகாப்பில் சொல்வது இதனால்தான். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் காலையிலேயே 32 டிகிரி தாண்டிவிடும்.

புளிப்பு இந்தப் பெருக்கத்தைத் தடுக்கிறது. உப்பும் ஈரக்குறைவும் கூடவே துணை நிற்கின்றன. ஆகவே வெளியூர் போகும் சோறு புளித்ததாக, வறண்டதாக, நன்றாக ஆறியதாக இருக்க வேண்டும். இனி வரும் தவறுகள் எல்லாமே இந்த மூன்றில் ஒன்றை மீறுவதால் வருபவைதான்.

எதைக் கட்டுவது

பெரும் தவறு, வீட்டில் ருசிப்பதை எல்லாம் வழியிலும் ருசிக்கும் என்று நினைப்பது. சாம்பார் சாதம், வெங்காயமும் காய்கறியும் போட்ட கலந்த சாதம், பருப்பு சாதம் ஆகியவற்றில் ஈரம் அதிகம், புளிப்பு குறைவு. மதியம் வரை தாங்காது. தக்காளி சாதத்தில் புளிப்பு உண்டு என்றாலும் வெங்காயமும் தக்காளியின் நீரும் அதைக் கெடுத்துவிடும். தேங்காய் சாதம் இன்னும் சீக்கிரம் ஊசும். துருவிய தேங்காயில் நீரும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரைக்குத் தேங்காய் சாதமும் கொண்டுபோகிறார்களே என்று கேட்கலாம். அது வீட்டிலிருந்து ஆற்றங்கரைக்குப் போகும் தூரம். கட்டிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் படைத்துச் சாப்பிட்டுவிடுவார்கள். அதையே சென்னையிலிருந்து பிச்சாவரத்துக்கு எடுத்துப் போனால் கணக்கு மாறிவிடும்.

சாப்பிடும் வரிசையையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். இட்லியைக் காலை ஒன்பதுக்குள் முடிக்க வேண்டும். எலுமிச்சை சாதம் கொண்டுபோனால் பதினொரு மணிக்குள். மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும். பெரியவர்கள் நான்கு பேருக்கு மதியத்துக்கு மட்டும் 250 கிராம் அரிசியில் புளியோதரை, 150 கிராமில் தயிர்சாதம் போதும். ஆறு வகைச் சோறு கட்டினால் எதுவும் முழுதாகத் தீராமல், மீந்ததைக் கொட்ட மனமில்லாமல் மாலையில் யாராவது சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்வார்கள்.

புளிக்காய்ச்சல்

இங்கே அவசரப்படுவதுதான் மன்னிக்க முடியாத தவறு. 400 கிராம் அரிசிக்கு (மேலே சொன்ன 250 கிராமுக்குக் கலந்தது போக மிச்சம் பாட்டிலில் இருக்கும்) 60 முதல் 70 கிராம் புளி, 100 மில்லி நல்லெண்ணெய், 3 தேக்கரண்டி கல்லுப்பு, அரை தேக்கரண்டி மஞ்சள்தூள், தாளிக்கப் பத்து காய்ந்த மிளகாய், கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை. புளி கருத்த பழம்புளியாக இருந்தால் நல்லது. புதுப்புளியில் நிறமும் வராது, அந்த ஆழமான புளிப்பும் இருக்காது.

புளியைக் கொட்டையும் நாரும் எடுத்து, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மொத்தம் ஒன்றரை டம்ளர் தண்ணீருக்குள் கரைத்துவிட வேண்டும். நான்கு டம்ளரில் கரைத்தால் அத்தனையையும் வற்றவைக்க முக்கால் மணி நேரம் ஆகும். பொறுமை போய்ப் பாதியில் இறக்கிவிடுவீர்கள். அங்கேதான் கோளாறு தொடங்குகிறது. முக்கால் பங்கு எண்ணெயில் தாளித்து, கரைசலை ஊற்றி, மஞ்சளும் உப்பும் போட்டு, மிதமான தீயில் 20 முதல் 25 நிமிடம் கொதிக்கட்டும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளக் கூடாது. ஓரமெல்லாம் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அதற்கு முன் இறக்கியது புளிக்குழம்புதான், புளிக்காய்ச்சல் அல்ல. அதைக் கலந்த சோறு முதலில் சொதசொதக்கும், பிறகு ஊசும்.

எண்ணெயைக் குறைப்பது இன்னொரு தவறு. மற்ற நாள் சமையலில் குறைத்துக்கொள்ளுங்கள். இங்கே எண்ணெய் ஒவ்வொரு பருக்கையையும் சுற்றி நின்று, சோறு காய்ந்து விறைக்காமல் பார்த்துக்கொள்கிறது.

பாத்திரமும் முக்கியம். அலுமினியத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் புளியைக் கொதிக்கவிடாதீர்கள். புளி உலோகத்தை அரித்து, அது உணவில் இறங்கும். கல்சட்டி இருந்தால் அதற்கு நிகரில்லை. இல்லையென்றால் அடி கனமான எவர்சில்வர் போதும்.

வறுத்து அரைக்கும் பொடியில் ஒரு மேசைக்கரண்டி மல்லி, ஒரு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி எள், நான்கு மிளகாய், கால் தேக்கரண்டி வெந்தயம். வெந்தயம் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். கருகினால் மொத்தச் சோறும் கசக்கும்; வெல்லம் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. பொடியைக் காய்ச்சலோடு சேர்த்துக் கொதிக்கவிடாமல், சோறு கலக்கும்போது தூவுங்கள். எள் வாசனை அப்போதுதான் நிற்கும்.

காய்ச்சலை முதல் நாளே செய்து, ஆறியபின் ஈரமில்லாத பாட்டிலில் போடுங்கள். சரியாக வற்றியது, உலர்ந்த கரண்டியையே பயன்படுத்தினால் பல நாள் இருக்கும். ஈரக்கரண்டி ஒருமுறை பட்டாலும் பூஞ்சை பிடிக்கும்.

சோறு வடிக்கும்போது

சோறு கலந்தால் உடையக் கூடாது என்று அரைவேக்காட்டில் இறக்குகிறார்கள். அது தவறு. சோறு ஆறும்போது தானாகவே இறுகும், புளி சேர்ந்தபின் மேற்கொண்டு மெத்தென்று ஆகாது. மதியத்துக்குள் பருக்கை ஒவ்வொன்றும் நறுக்கு நறுக்கென்று ஆகிவிடும். முழுதாக வேக வேண்டும், ஆனால் குழையக் கூடாது. பழைய பச்சரிசியை இருபது நிமிடம் ஊறவைத்து, குக்கரில் ஒன்றுக்கு ஒன்றே முக்கால் தண்ணீர் வைத்தால் சரியாக வரும். புது அரிசி என்றால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

வெந்ததும் குக்கரிலேயே விட்டுவிடாதீர்கள். அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மீதி எண்ணெயைச் சுற்றி ஊற்றி, விசிறிக்குக் கீழே வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். அப்போது காய்ச்சலையும் பொடியையும் போட்டு, கரண்டியின் காம்பாலோ விரல் நுனியாலோ கிளற வேண்டும். கலந்தபின் இன்னொரு அரை மணி நேரம் திறந்தே இருக்கட்டும். தொட்டால் கொஞ்சமும் சூடு தெரியாதபோதுதான் கட்டலாம். ஆவியோடு மூடினால் அது மூடியில் நீராகத் திரண்டு, மேல்சோற்றில் சொட்டி, முதலில் அந்த இடம்தான் பிசுபிசுக்கும்.

இரவே கலந்து வெளியில் வைத்துவிட்டுத் தூங்குவதும் வேண்டாம். குளிர்பெட்டியில் வைத்தால் கெடாது, ஆனால் விறைத்துப்போகும். வறுத்த வேர்க்கடலையை மட்டும் தனியாகப் பொட்டலம் கட்டிச் சாப்பிடும்போது தூவுங்கள். காலையிலேயே கலந்தால் மதியத்தில் மொறுமொறுப்பு இருக்காது.

தயிர்சாதம்: பாலா, தயிரா

முழுக்கத் தயிரிலேயே பிசைந்து எடுத்துப் போனால் மதியத்தில் பல் கூசும் புளிப்பு. முழுக்கப் பாலில் பிசைந்து ஒரு சொட்டுத் தயிர் விட்டால், உறையாமல் கெட்டுப்போகும் ஆபத்து. அளவு இதுதான்: ஒரு டம்ளர் அரிசியை மூன்று டம்ளர் தண்ணீரில் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே மசித்து, காய்ச்சிய பால் ஒன்றரை டம்ளர் ஊற்றுங்கள். கஞ்சி போலத் தளர இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், ஆற ஆற இறுகிவிடும். வெதுவெதுப்புக்கு வந்தபின் புளிக்காத புதுத் தயிர் இரண்டு மேசைக்கரண்டி. சூட்டிலேயே தயிரை விட்டால் உறையவைக்கும் பாக்டீரியா செத்துப்போகும், பாலும் திரியும். காலை ஆறுக்குப் பிசைந்தால் மதியம் ஒன்றுக்கு உறைந்து, சரியான பக்குவத்தில் இருக்கும்.

வேடந்தாங்கலுக்கு விடியற்காலையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் மூன்று மணிக்கே கட்டிவிடுவார்கள். அப்போது மதியம் ஒன்றுக்குப் பத்து மணி நேரம் ஆகிவிடும், தயிரை ஒன்றரை மேசைக்கரண்டியாகக் குறைக்கலாம். ஐஸ் வைத்த பையில் எடுத்துப் போவதாக இருந்தால் கணக்கு நேர்மாறு. குளிரில் பால் உறையாது, ஆகவே முதலிலேயே தேவையான தயிரை ஊற்றிப் பிசைந்துவிட வேண்டும். இரண்டு முறைகளையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு வீணாகிறது.

வெங்காயம், வெள்ளரிக்காய், காரட் துருவல் எல்லாம் நீர் விடும். இஞ்சி, பச்சை மிளகாய், மாங்காய்த் துண்டு போதும். தாளித்ததையும் ஆறவிட்டே கொட்டுங்கள்.

எலுமிச்சை சாதத்தில் சாற்றை அடுப்பில் கொதிக்கவைத்தால் கசப்பு ஏறும். அடுப்பை அணைத்தபின் பிழிய வேண்டும். இட்லியை எடுத்ததும் அடுக்காமல், ஒவ்வொன்றாகப் பரப்பி ஆறவிட்டு, இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல், தண்ணீர் தெளிக்காமல் கெட்டியாக அரைத்தது, காலைக்குள் தீர்த்துவிடுகிற அளவுக்கு மட்டும். மதியத்துக்கு வடகம், வற்றல், ஊறுகாய்.

இலையும் கட்டும்

வாழையிலையை வாட்டாமல் மடித்தால் நரம்போடு கிழியும். முதலில் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். சிறு தீயில் இலையின் அடிப்பக்கத்தை நகர்த்திக்கொண்டே காட்ட, பச்சை கருத்துப் பளபளப்பு ஏறும். அந்த இடம் வாடிவிட்டது என்று பொருள், அடுத்த இடத்துக்குப் போகலாம். ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகி ஓட்டை விழும். ஒரு பொட்டலத்துக்கு ஒன்றே கால் அடி நீளத் துண்டு, அதில் 300 கிராம் சோறு. அதற்கு மேல் வைத்தால் வாய் மூடாது. கட்டும் வாழைநாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் நனைத்து, துடைத்துவிட்டுக் கட்டினால் அறுந்துபோகாது. ஸ்டேப்ளர் பின் மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். சோற்றோடு கலந்து தொண்டைக்குள் போகும்.

செய்தித்தாளில் சுற்றுவது நம் பழக்கத்திலேயே மிகக் கெட்டது. அச்சு மையில் இருப்பது எண்ணெய்ச் சோற்றில் ஊறி இறங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிமுறைகள் உணவைச் செய்தித்தாளில் சுற்றவே தடை விதித்திருக்கின்றன. இலைக்கு மேல் சுற்ற வேண்டுமானால் வெளுத்த பழைய வேட்டித் துணி போதும். அலுமினியத் தாளில் புளியும் எலுமிச்சையும் பட்டால் அது அரிக்கும், சோற்றில் உலோக ருசி வரும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தாள், தட்டு, கப் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை இருக்கிறது.

ஹாட்பேக்கை நம்பிச் சோறு எடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். ஐந்தாறு மணி நேரம் அது சோற்றைக் கொதிக்கக் கொதிக்க வைத்திருக்காது. பாக்டீரியாவுக்குப் பிடித்த வெதுவெதுப்பில்தான் வைத்திருக்கும். நெடும்பயணச் சோற்றுக்கு அதைவிட மோசமான பாத்திரம் இல்லை.

வண்டி டிக்கியிலும் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 50 டிகிரியைத் தாண்டும். ஆட்கள் உட்காரும் பக்கம் கால் அருகே வையுங்கள், இறங்கும்போது பையையும் இறக்குங்கள். முதல் நாள் இரவு முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பிய பாட்டிலை உறையவைத்து, ஐஸ் முறையில் பிசைந்த தயிர்சாதத் தூக்கின் பக்கத்தில் வைத்தால் மதியம் வரை குளிர்ச்சி இருக்கும், அப்புறம் அதையே குடிக்கலாம். முழுதும் நிரப்பினால் பாட்டில் வெடிக்கும்.

எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதையும் புறப்படும் முன்பே யோசியுங்கள். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், செஞ்சிக் கோட்டை போன்ற தொல்லியல் துறை இடங்களுக்குள், அனுமதித்த பகுதியைத் தவிர வேறெங்கும் சாப்பிடக் கூடாது. செஞ்சியில் குரங்குகளும் உண்டு. பையைத் திறந்தபடி படியேறினால் பொட்டலம் உங்களுக்கு இல்லை. ஏறும் முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது. கை கழுவ நான்கு பேருக்குத் தனியாக இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். கழுவாத கையால் பிசைந்தால் இத்தனை பக்குவமும் வீண்.

மீந்த தயிர்சாதத்தை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவராதீர்கள். ஐஸ் உருகிய பிறகு இன்னும் நான்கு மணி நேரம் வண்டியில் இருந்தது அது. மீந்த புளியோதரையையும் வாசனை நன்றாக இருக்கிறதே என்று இரவுக்குச் சூடாக்கிச் சாப்பிட வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நிச்சயம் கொடுக்காதீர்கள். பாட்டிலில் மிச்சமிருக்கும் புளிக்காய்ச்சலில் புதுச்சோறு கலந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்.